மந்தமாக்கும் மாத்திரையா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஏடிஹெச்டி எனும் கவனக்குறைபாடு உள்ள பிள்ளைகளுக்குத் தரும் மாத்திரை, அவர்களை மந்தமாக்கி உட்கார வைக்கும் என்று பலர் நம்புகிறார்கள். நானும் அப்படி நம்பியவன்தான். உண்மையில் இதற்குப் பரவலாகத் தரப்படும் மெத்தில்பெனிடேட் எனும் மருந்து, ஊக்க மருந்து வகையைச் சேர்ந்தது. நரம்பு செல்கள் தமக்குள் செய்தி கடத்தப் பயன்படுத்தும் டோபமைன், நார்அட்ரினலின் எனும் வேதிப்பொருட்களைத் திரும்ப உறிஞ்சிக்கொள்வதை அது தடுக்கிறது. அதனால் நெற்றிக்குப் பின்னுள்ள முன்மூளையில் இவை கூடுகின்றன.

'பொறு' என்று நம் கையைத் தடுப்பதில் அந்தப் பகுதிக்குத்தான் பெரும் பங்கு. இதை அளக்க ஒரு சோதனை உண்டு. திரையில் குறி தெரிந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். நிறுத்தச் சொல்லும் சைகை வந்தால் அழுத்தாமல் விட வேண்டும். கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் இப்பிள்ளைகள் தடுமாறுவது அங்கேதான். அப்போது எடுத்த எம்ஆர்ஐ படங்களில், இவர்களிடம் பொதுவாகக் குறைவாக இயங்கும் வலது கீழ் முன்மூளை, மருந்துக்குப் பின் கூடுதலாக இயங்குவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

இது புதிய செய்தியும் அல்ல. ஊக்க மருந்து கொடுத்த பிள்ளைகள் நிதானமடைந்து பாடத்தில் ஊன்றியதை அமெரிக்க மருத்துவர் சார்லஸ் பிராட்லி 1937லேயே எழுதிவிட்டார்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். பசி குறையும், தூக்கம் தள்ளிப்போகும். சாதாரண மாத்திரையின் வேலை சுமார் 4 மணி நேரம்தான். சில பிள்ளைகளுக்குப் பலனே இருக்காது. அளவை மருத்துவர் படிப்படியாகத்தான் கூட்டுவார். எடையையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொண்டே இருப்பார்.

இதையெல்லாம் ஒரு குழந்தை மனநல மருத்துவரைக் கொண்டு தங்கள் இதழில் விரிவாக எழுத வைத்தால் பெற்றோருக்கு உதவும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்