எரிந்த சரிவில் ஈரமானி: மண்சரிவு எச்சரிக்கை தருவோருக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பு 06

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவுப் பிரிவினருக்கு,

வணக்கம். வெள்ளவத்தையிலிருந்து உங்கள் அலுவலகம் இருக்கும் ஜாவத்தை வீதி தூரமில்லை. நேரிலேயே வந்து சொல்லியிருக்கலாம். ஊவா மாகாணத்து அப்புத்தளை, ஹல்துமுல்ல, எல்ல பக்கத்து லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், இருப்பவர்களும் வாசிக்கட்டும் என்றுதான் திறந்த மடலாக எழுதுகிறேன்.

24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் மஞ்சள், 100 என்றால் செம்மஞ்சள், 150 என்றால் சிவப்பு எச்சரிக்கை. உங்கள் எண்கள் மலையகத்தில் பலருக்கு மனப்பாடம். அவற்றோடு எனக்குச் சண்டையில்லை. அந்த 75 மில்லிமீற்றர், தீப்பட்ட சரிவிலும் அதே 75தானா என்பதே என் கேள்வி.

ஊவாவின் நாட்காட்டியைப் பாருங்கள். யூலை, ஓகஸ்டில் காய்ந்த காற்றடிக்கிறது, மலை எரிகிறது. ஹெலிகொப்டர் தண்ணீர் ஊற்றும் படம் பத்திரிகையில் வருகிறது. தீ அணைந்ததும் எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுகிறோம். ஒக்டோபரில் பெருமழை. இடையில் இரண்டு மாதம்கூட முழுதாக இல்லை.

மானாப்புல் எரிந்த இடம் பரவாயில்லை. வேர் பிழைத்துக்கொள்ளும், ஒரு மழைக்கே பச்சை பிடித்துவிடும். வில்லங்கம் பைனஸ் காட்டில். சென்ற முறை ஊருக்குப் போனபோது, எரிந்த பைனஸ் சரிவொன்றில் சாம்பலைக் கையால் விலக்கி, போத்தல் மூடியால் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். சேம்பிலையில் நிற்பதுபோல மணிமணியாக நின்றது. மெல்ல உருண்டு கீழே போனது. விரலால் கிளறினால் உள்ளே பொடிமண். ஒரு சொட்டு 5 செக்கனுக்குமேல் உறிஞ்சப்படாமல் நின்றால் அந்த மண் நீரை விலக்குகிறது என்பது நீங்கள் அறிந்த சோதனைதான். சருகின் மெழுகும் பிசினும் தீயில் ஆவியாகி, சற்றுக் கீழே குளிர்ந்த மண்மணிகளில் படிந்துவிடுகின்றன.

ஆகவே எரிந்த முதலாம் ஆண்டில், மண்ணுக்குள் புதைத்து ஈரத்தை அளக்கும் ஈரமானி "உலர்" என்று காட்டினால் நிம்மதி அடையக்கூடாது. உள்ளே போகாத தண்ணீர் மேலால் ஓடி, சாம்பலையும் கல்லையும் அள்ளிக்கொண்டு வடிகானில் இறங்கும். கலிபோர்னியாவின் மொன்டெசிட்டோவில் நடந்தது அதுதான். 2017 டிசம்பரில் தோமஸ் தீ, 2018 ஜனவரி 9 அதிகாலையில் சில நிமிடம் கொட்டிய மழை, 23 உயிர்கள்.

பிறகு ஆபத்து ஆளை மாற்றிக்கொள்கிறது. நீரை விலக்கும் படிவு மெல்லக் கரைகிறது, தண்ணீர் உள்ளே இறங்கத் தொடங்குகிறது. செத்த மரம் அதை உறிஞ்சி வெளியே விடுவதில்லை. மண்ணைப் பிடித்திருந்த வேரோ ஆண்டுக்கணக்கில் அழுகிக்கொண்டிருக்கிறது. புல் முளைத்து மலை பச்சையாகத் தெரியும் காலத்தில்தான் அடிமண் நனைந்து கனக்கிறது. அப்போது உலர்வு அல்ல, ஈரமே அபாயக்குறி. ஒரே கருவியின் வாசிப்பை இரு காலத்தில் இரு விதமாகப் படிக்கவேண்டியிருக்கிறது.

செய்மதி பார்த்துக்கொள்ளும் என்று சிலர் சொல்கிறார்கள். மண்ணின் ஈரத்தை அளக்க 2015இல் நாசா ஏவிய ஸ்மாப் செய்மதி மேல் 5 சென்ரிமீற்றர் மண்ணைத்தான் பார்க்கிறது. அதன் ஒரு கட்டம் ஏறத்தாழ 36 கிலோமீற்றர். அப்புத்தளையின் பனிமூட்டமும் வெல்லவாயவின் வெயிலும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடலாம்.

நான் கேட்பது இதுதான். வீடுகளுக்கு மேலே எரிந்த சரிவு ஒன்று, அதே மண்ணும் சாய்வும் கொண்ட எரியாத சரிவு ஒன்று என்று சோடி சோடியாகத் தெரிவுசெய்யுங்கள். ஒவ்வொன்றிலும் 5, 30, 100 சென்ரிமீற்றர் ஆழங்களில் ஈரமானி, பக்கத்தில் மழைமானி. ஆழத்தில் மண்ணின் உறிஞ்சுவிசையை அளக்கும் இழுவைமானியும் வேண்டும். மண் எவ்வளவு இறுக்கமாகத் தண்ணீரைப் பிடித்திருக்கிறது என்பதை அதுதான் சொல்லும். ஒரு பருவத்தோடு கழற்றிவிடாதீர்கள். ஐந்து ஆண்டாவது இருக்கட்டும். கம்பியைக் காட்டுப்பன்றி கிளறும், மின்கலம் சாகும். தோட்டத்துப் பிள்ளைகள் இருவருக்குச் சம்பளம் கொடுத்துப் பழக்கினால் பார்த்துக்கொள்வார்கள். கருவியை எங்கே புதைப்பது என்று கான் வெட்டுபவர்களிடமும் கேளுங்கள். மழைக்கு எந்த இடத்தில் ஊற்றுக்கண் திறக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

கருவியை வாங்கியபடியே நம்பவும் கூடாது. புறக்கோட்டையில் பூச்சட்டிக்குக் குத்தும் ஈரமானி ஒன்றை வாங்கி, ஊரிலிருந்து கொண்டுவந்த மண்ணில் குத்தினேன். பின் அதே மண்ணை நிறுத்து, கேக் போடும் அவணில் 105 பாகையில் 24 மணித்தியாலம் உலர்த்தி, மறுபடி நிறுத்தேன். கருவி சொன்னதும் தராசு சொன்னதும் ஒத்துப்போகவே இல்லை. அது தண்ணீரை நேரே பார்ப்பதில்லை, மண்ணின் மின் இயல்பைப் பார்க்கிறது. சாம்பலும் சரளையும் அதை ஏமாற்றிவிடும். உங்களுடையது பல மடங்கு தரமானதாகத்தான் இருக்கும். ஆனாலும் அந்தந்தச் சரிவின் மண்ணை எடுத்து உலர்த்திச் சரிபார்த்த பிறகே புதையுங்கள்.

2014 ஒக்டோபர் 29 அன்று சரிந்து லயங்களைப் புதைத்த கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்து மலை, எரிந்த சரிவல்ல. அதை இதோடு முடிச்சுப்போட மாட்டேன். ஆனால் லயத்துக்கு மேலே மலை என்ன செய்துகொண்டிருக்கிறது என்று லயத்துக்குள் இருப்பவருக்குத் தெரியவேண்டும் என்பதை அதற்குப்பின் யாரும் எனக்கு விளக்கத் தேவைப்படவில்லை. வாசிப்புகள் கொழும்புக் கணினியில் மட்டும் தங்காமல், தமிழிலும் சிங்களத்திலும் அந்தச் சரிவின் பெயரைச் சொல்லியே போகட்டும்.

மண் உலர்த்த இடம் போதாவிட்டால் அறிவியுங்கள். எங்கள் வீட்டு அவண் இருக்கிறது. முதல் முறை கிளம்பிய நாற்றத்துக்கு வாங்கிய ஏச்சு இன்னும் ஓயவில்லை, இருந்தாலும் மனைவியிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையில் வசிக்கும் ஓர் ஊவாக்காரன்