சம்பளச் சீட்டு இல்லாதவர்களின் வீட்டுக் கடன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பட்டர்வொர்த் வட்டாரத்தில் 11 ஆண்டுகளாக மின்கம்பி இணைப்பு வேலைகளைச் சொந்தக் குத்தகையில் செய்து வரும் நான், அண்மையில் வீட்டுக் கடனுக்காக ஒரு வங்கியை நாடினேன். வணிகப் பதிவுச் சான்றிதழ், சொந்தத் தொழில் செய்வோர் வருமான வரிக்காக நிரப்பும் பி பாரம், வரி கட்டிய ரசீது, ஆறு மாத வங்கிக் கணக்கு அறிக்கை என அனைத்தையும் கொடுத்தேன். அறிக்கையைப் புரட்டிய அதிகாரி, நோன்புப் பெருநாள் மாதத்தில் வரவு குறைந்திருந்த வரியைப் பேனாவால் வட்டமிட்டு, "சம்பளச் சீட்டு இல்லையா?" என்றார். அடுத்த மாதத்தில் மொத்தமாக வந்த தொகையை அவர் பார்க்கவே இல்லை என்பதுதான் என் மனத்தாங்கல். வேலை முடிந்து, பில் கொடுத்து, அதன் பிறகே பணம் பார்க்கும் எங்களை மாதச் சம்பளக்காரரின் அளவுகோலால் அளப்பது முறையல்ல.

நிலையான வருமானச் சான்று இல்லாதோருக்காகவே, மலேசிய அரசாங்கத்தின் வீட்டுக் கடன் உத்தரவாத நிறுவனமான எஸ்ஜேகேபி 2008 முதல் இயங்கி வருகிறது. இதை அந்த வங்கியில் எவரும் எனக்குச் சொல்லவில்லை. லோரி ஓட்டும் என் மைத்துனர் சொல்லித்தான் அறிந்தேன். விண்ணப்பத்தை நிராகரிக்கும் கடிதத்திலேயே இந்த உத்தரவாதத் திட்டத்தின் விவரத்தையும் வங்கிகள் சேர்த்து அனுப்புவதற்கு நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா வழிசெய்ய வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மின் குத்தகையாளர், பட்டர்வொர்த், பினாங்கு