வானியல் மன்றச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. சந்தா பாக்கியைப் பற்றிப் பொருளாளர் பேசுவார். அந்தப் பொல்லாப்பு எனக்கு வேண்டாம். இந்த ஆண்டு நாம் உருப்படியாகச் செய்தது எச்இசட் ஹெர்குலிஸ் என்ற எக்ஸ் கதிர் இரட்டை விண்மீனின் ஒளியைத் தொடர்ந்து அளந்ததுதான்.

எக்ஸ் கதிர் வளிமண்டலத்தைத் தாண்டித் தரைக்கு வராதே, எக்ஸ் கதிர் இரட்டை விண்மீனை மொட்டை மாடியிலிருந்து எப்படிப் பார்ப்பது என்று சென்ற பொதுக்குழுவில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. இந்த ஜோடியில் ஒன்று நியூட்ரான் விண்மீன், அதாவது வெடித்த ஒரு பெரிய விண்மீனின் மிக அடர்ந்த மிச்சம். அதிலிருந்து வரும் எக்ஸ் கதிர், துணை விண்மீனின் ஒரு முகத்தை மட்டும் காய்ச்சுகிறது. சூடான முகம் நம் பக்கம் இருக்கும்போது ஒளித்தரம் ஏறக்குறைய 13 (எண் கூடினால் ஒளி குறைவு). முதுகைக் காட்டும்போது 15ஐ நெருங்கி மங்குகிறது. இந்த ஏற்ற இறக்கம் சாதாரண ஒளியிலேயே தெரிவதால் நம் 8 அங்குலத் தொலைநோக்கியும் சிசிடி கேமராவும் போதும்.

ஜோடி ஒன்றையொன்று ஒரு சுற்றுச் சுற்ற 1.7 நாள், பத்துச் சுற்றுக்கு 17 நாள். தினமும் ஒரே நேரத்தில் அளந்தால் 17 இரவில் சுற்றின் 17 வெவ்வேறு கட்டங்கள் கிடைத்துவிடும். ஆனால் ஓர் இரவு தவறினால் அதே கட்டம் அதே நேரத்தில் வர இன்னும் 17 நாள் ஆகும். மிக மங்கலான கட்டம் வந்த இரவில் மேகம். காத்திருந்தோம், அடுத்த முறை மழையே வந்துவிட்டது. அதனால் நம் வரைபடத்தின் அடிப்பகுதி காலியாக இருக்கிறது.

இந்த விண்மீனின் ஒளி மாறுவதை 1936லேயே ஜெர்மன் வானியலாளர் ஹாஃப்மைஸ்டர் கண்டார். உஹுரு செயற்கைக்கோள் பிடித்த எக்ஸ் கதிர் இங்கிருந்துதான் வருகிறது என்பது 1972இல் தெளிவானது. அப்புறம் பழைய ஒளிப்படத் தட்டுகளைப் புரட்டியபோது, இந்தப் பெரிய ஏற்ற இறக்கம் சில ஆண்டுகள் நின்றே போயிருந்தது தெரிந்தது. மறுபடி எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே ஒரு பருவத்தோடு இதை விட்டுவிடக் கூடாது என்பது என் கருத்து.

இளைய உறுப்பினர்கள் கருந்துளை உள்ள சிக்னஸ் எக்ஸ்-1 என்ற இரட்டையை அளக்கலாமா என்று கேட்கிறார்கள். கருந்துளை என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? 9ஆம் ஒளித்தரம், எளிதில் சிக்கும். ஆனால் அங்கே சூடேற்றம் முக்கியமல்ல. ஈர்ப்பால் நீண்டுபோன பெரிய விண்மீன் 5.6 நாளில் ஒரு முறை சுற்றும்போது ஒளி இருமுறை ஏறி இறங்குகிறது, அதுவும் சுமார் 0.05 ஒளித்தரம்தான். நம் அளவீட்டுப் பிழையே ஏறக்குறைய அவ்வளவு. பழகுவதற்குப் பார்க்கலாம், சரி. தரவாக அனுப்ப வேண்டாம்.

இன்னொரு கருந்துளை இரட்டையான வி404 சிக்னி வேறு கதை. 1989க்குப் பிறகு அமைதியாக இருந்து, 2015 ஜூனில் வெடித்தெழுந்தபோது அதன் ஒளி சில நிமிடங்கள் முதல் சில மணி நேரம் வரையிலான இடைவெளிகளில் துடித்தது. 20 சென்டிமீட்டர் தொலைநோக்கிக்கும் அது எட்டியது.

அப்படி ஒன்று வெடித்தெழுந்ததாகச் செய்தி வந்தால் அன்றிரவே யார் மாடியேறுவது என்ற முறைப்பட்டியலுக்கும், ஒரு ஒளி வடிகட்டி வாங்குவதற்கும் பொதுக்குழுவின் ஒப்புதலை வேண்டுகிறேன்.

செயலாளர்