‘லினக்ஸிலும் இயங்கும்’ என்று அச்சிட்டு விற்ற தோழன் ரோபோ: டிரைவர் நிறுவ முடியாதது குறித்த புகார்

அனுப்புநர்:
படிப்பகப் பொறுப்பாளர்,
சுங்கை சிப்புட், பேராக்.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

தோட்டத்துப் பிள்ளைகளுக்காக நாங்கள் நடத்தும் மாலை நேரப் படிப்பகத்துக்குத் தங்கள் நிறுவனத்தின் கம்பியில்லாத் தோழன் ரோபோவை 690 ரிங்கிட் கொடுத்து வாங்கினோம். பெட்டியின் பக்கவாட்டில் ‘விண்டோஸ், லினக்ஸ்’ என்று இரண்டு இயங்குதளங்களின் பெயரும் ஒரே அளவு எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கின்றன. அதை நம்பித்தான் வாங்கினோம். ஆனால் லினக்ஸுக்கென்று தாங்கள் தரும் டிரைவர், அதாவது ரோபோவைக் கணினியிலிருந்து இயக்கும் மென்பொருள், எங்கள் கணினிகள் எதிலும் வேலை செய்யவில்லை. இயங்கக்கூடிய டிரைவரைத் தாருங்கள். முடியாதென்றால் பணத்தை முழுமையாகத் திருப்பித் தாருங்கள்.

எங்களிடம் இருப்பவை அலுவலகங்கள் கழித்துக் கொடுத்த பழைய கணினிகள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 பாதுகாப்புச் சில்லு இந்தக் கணினிகளில் கிடையாது. அதனால் எல்லாவற்றிலும் லினக்ஸ் மின்ட் 22 போட்டோம். செம்பனைக் குலை வெட்டும் பெற்றோரிடம் புதுக் கணினிக்குக் காசு கேட்க முடியாது. பிள்ளைகள் தமிழ்ப்பள்ளிப் பாடங்களை இவற்றில்தான் செய்கிறார்கள், நன்றாகவே செய்கிறார்கள்.

ரோபோவில் பழுது எதுவும் தெரியவில்லை. சார்ஜ் ஏறியதும் கண் திறக்கிறது, கையசைக்கிறது. கம்பியில்லா இணைப்புக்காக அதோடு வந்த சிறு யூ.எஸ்.பி. டாங்கிளைச் செருகினால் கணினி அதை உடனே அடையாளம் காண்கிறது. கோளாறு முழுவதும் தங்கள் மென்பொருளில்தான் இருக்கிறது.

தங்கள் டிரைவர் அடங்கிய டெப் நிறுவல் கோப்பை நிறுவப் போனதுமே, பைத்தான் 2 என்ற நிரல்மொழிப் பதிப்பு இல்லை என்று கணினி மறுத்தது. பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. லினக்ஸ் மின்ட் 22-க்கு அடிப்படையான உபுண்டு 24.04 என்ற லினக்ஸ் பதிப்பின் மென்பொருள் களஞ்சியத்தில் அது அறவே இல்லை. இதை எழுதிக் கேட்டதற்கு, ‘கட்டாயப்படுத்தி நிறுவுங்கள்’ என்று தங்கள் சேவைப் பிரிவு பதில் அனுப்பியது. அப்படியே செய்தோம். அடுத்து, கெர்னலோடு (இயங்குதளத்தின் மையப் பகுதியோடு) சேரும் மாட்யூலைத் தொகுக்கும் கட்டத்தில் நின்றது. ‘கிளாஸ் கிரியேட்’ என்ற செயற்கூற்றுக்குத் தேவைக்கு மேல் மதிப்புருக்கள் (உள்ளீடுகள்) கொடுக்கப்பட்டுள்ளன என்பது பிழைச் செய்தி. லினக்ஸ் கெர்னல் 6.4-இலிருந்து அந்தச் செயற்கூறு ஒரே மதிப்புருவைத்தான் ஏற்கிறது. தங்கள் நிரல் இன்னும் பழைய முறைப்படி இரண்டைக் கொடுக்கிறது. எங்கள் கெர்னல் 6.8.

எங்கள் படிப்பகத்தில் படித்து வளர்ந்து, இப்போது ஈப்போவில் பாலிடெக்னிக்கில் பயிலும் தம்பி ஒருவர் வார இறுதியில் வந்து உட்கார்ந்தார். அந்த ஒரு வரியைத் திருத்தியதும் மாட்யூல் ஏறிவிட்டது. சம்பளம் வாங்காத ஒரு மாணவரால் ஒரே வரியில் தீர்க்க முடிந்ததை, பொருளை இன்றும் விற்றுக்கொண்டிருக்கும் நிறுவனம் ஏன் செய்து வைக்கவில்லை?

அதற்கு மேல் அவராலும் போக முடியவில்லை. ரோபோவைப் பேச வைக்கும் பின்புல நிரலின் மூலநிரலைத் தாங்கள் தரவில்லை. பைத்தான் 2.7-க்கென்று தொகுக்கப்பட்ட கோப்பு மட்டுமே இருக்கிறது. பைத்தான் 3 அதை ஏற்காது. மூலநிரல் இருந்தால் திருத்தலாம்; டாங்கிளுக்குக் கணினி எந்தக் கட்டளையை எந்த வடிவத்தில் அனுப்ப வேண்டும் என்ற ஆவணம் இருந்தால் புதிதாகவே எழுதிக்கொள்ளலாம். இரண்டையும் கேட்டு எழுதினோம். ‘பகிர இயலாது’ என்று பதில் வந்தது.

தங்கள் சேவைப் பிரிவு சொன்ன இன்னொரு யோசனையைப் பற்றியும் எழுதியாக வேண்டும். டாங்கிளைத் திறக்க அனுமதி இல்லை என்ற பிழை வந்தால், நிரலை எப்போதும் சூடோ கட்டளை போட்டு, ரூட் எனப்படும் முழு அதிகாரத்தில் இயக்கச் சொன்னார்கள். இந்த ரோபோவில் மைக்ரோஃபோன் இருக்கிறது, இணையத்தோடும் பேசுகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாத ஒரு நிரலுக்கு, பிள்ளைகள் பயன்படுத்தும் கணினியின் முழு அதிகாரத்தையும் கொடுக்கச் சொல்வது சரியா? சாதாரணப் பயனருக்கு அந்தச் சாதனத்தை மட்டும் திறந்துவிட லினக்ஸில் சாதன அனுமதியைக் குறிக்கும் ஒரு யூடெவ் விதி போதும், சில வரிகள்தான். அதை டெப் கோப்பிலேயே சேர்த்திருக்க வேண்டியது தங்கள் பொறுப்பு. இவ்வளவுக்கும் பிறகு கடைசியாக வந்த பதில், ‘விண்டோஸ் 10-இல் பயன்படுத்துங்கள்’ என்பது. ஆதரவு முடிந்துபோன அந்தப் பதிப்புக்குப் பிள்ளைகளைத் திருப்பி அனுப்ப நான் தயாராக இல்லை.

இந்த ரோபோ எங்களுக்கு விளையாட்டுப் பொருள் அன்று. வாய்விட்டு வாசிக்கக் கூச்சப்படும் சிறு பிள்ளைகளோடு தமிழில் பேசி வாசிக்க வைக்கலாம் என்பது எங்கள் திட்டம். ஈஸ்பீக் என்.ஜி. என்ற கட்டற்ற பேச்சு மென்பொருளில் தமிழ்க் குரல் உண்டு. அதே கணினியில், அதன் ஒலிபெருக்கியில் அது இப்போதும் பேசுகிறது. அந்தக் குரல் ரோபோவின் வாய் வழியே வருவதற்குத் தடையாக நிற்பது தங்கள் டிரைவர் ஒன்றுதான். தோட்டத்து மக்கள் பத்தும் இருபதுமாகப் போட்ட பணத்தில் வாங்கியது இது. அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான்.

எனவே, பைத்தான் 3-இலும் இன்றைய கெர்னலிலும் இயங்கும் டிரைவரை வெளியிடுங்கள். அல்லது மூலநிரலையோ கட்டளை ஆவணத்தையோ கொடுங்கள், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். எதுவும் இயலாதென்றால் 690 ரிங்கிட்டைத் திருப்பித் தந்து, ரோபோவைத் தங்கள் செலவில் எடுத்துக்கொள்ளுங்கள். இனி விற்கும் பெட்டிகளில், எந்த லினக்ஸ் பதிப்பு வரை இயங்கும் என்பதையும் அச்சிடுங்கள்.

விற்ற பொருள் அதன் விவரிப்போடு ஒத்திருக்க வேண்டும் என்பது 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆவது பிரிவு. இக்கடிதம் கிடைத்த 14 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் வராவிட்டால், பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணம் செலுத்தி வழக்குப் பதிவேன். ரசீது, பெட்டியின் படம், பிழைச் செய்திகள், தங்கள் சேவைப் பிரிவின் பதில்கள் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
படிப்பகப் பொறுப்பாளர்