டெல்டா ஒயர்மேன் அண்ணன்மார்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மார்களுக்கு,

மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, மயிலாடுதுறை பக்கம் வெளிநாட்டுச் சம்பளத்தில் எழும்பும் வீடுகளுக்கு ஒயர் இழுப்பது நீங்கள்தான். வீட்டுக்காரர் துபாயிலோ, என்னைப் போலச் சிங்கப்பூரிலோ இருப்பார். பிள்ளைகள் கம்ப்யூட்டரில் படிப்பார்கள், ராத்திரி அதிலேயே அப்பாவிடம் பேசுவார்கள். அந்தக் கம்ப்யூட்டரின் எர்த், அதாவது கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் இணைப்பு, பற்றித்தான் எழுதுகிறேன்.

சிபியூவைத் தொட்டால் சுர்ரென்கிறது என்று வீட்டில் சொன்னால் அது பிரமை இல்லை. கம்ப்யூட்டருக்குக் கரண்டு கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள், கரண்டு வரும் பேஸிலிருந்தும் அது திரும்பும் நியூட்ரலிலிருந்தும் இரும்புப் பெட்டிக்குச் சின்ன கெபாசிட்டர்கள் போகும். எர்த் இல்லாவிட்டால் பெட்டியில் ஏறக்குறைய பாதி வோல்டேஜ், 115 வோல்ட் பக்கம் நிற்கும். கரண்டு மிகக் கொஞ்சம் என்பதால் சுர்ரோடு போகிறது.

இதை நிறுத்தச் சிலர் பிளக் பாயின்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிடுகிறார்கள். சுர் நிற்கும், டெஸ்டரும் எரியாது, வீட்டுக்காரருக்குத் திருப்தி. ஆனால் மழைக்காற்றில் தென்னை மட்டை விழுந்து போஸ்டிலிருந்து வரும் நியூட்ரல் அறுந்தால்? ஓடுகிற ஃபேன் வழியாகவே பேஸ் நியூட்ரலுக்குத் திரும்பி, அந்தத் துண்டு ஒயர் வழியே கம்ப்யூட்டர் பாடியில் ஏறும். கரண்டு கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இருக்கிறதே என்றும் நிம்மதியாக இருக்க முடியாது. சாதாரண நாளில் பாடிக்குக் கசியும் கரண்டு நியூட்ரலிலேயே திரும்பிவிடுவதால் அதற்குப் போனதும் வந்ததும் சமம், ட்ரிப் ஆகாது. உயிர் போகிற வேலை இது. தயவுசெய்து செய்யாதீர்கள்.

எங்கள் பக்கமும் தவறு உண்டு. இங்கிருந்து அனுப்பும் லேப்டாப்பில் தட்டையான மூன்று பின் இருக்கும். அதற்கு வாங்கும் மலிவான கன்வர்ட்டர்கள் பலவற்றில் எர்த் பின்னே கிடையாது. சார்ஜர் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்குவதால் சார்ஜ் ஏறும், எர்த் மட்டும் போய்விடும். கன்வர்ட்டரைத் தூக்கிப்போட்டு, நம்மூர் மூன்று பின் கார்டு வாங்கச் சொல்லுங்கள்.

நம் களிமண்ணும் ஈரமும் எர்த்துக்கு நல்ல மண். குழி தோண்டி 2.5 மீட்டருக்குக் குறையாத ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பை இறக்குங்கள். மேட்டூர் திறப்பதற்கு முன் வயல் வெடித்துக் கிடக்கும் மாதங்களில் குழிக்குத் தண்ணீர் ஊற்ற வீட்டாரிடம் சொல்லிவையுங்கள். வேதாரண்யம் பக்கம் உப்பு பைப்பை அரிக்கும். அங்கே அவ்வப்போது திறந்து பார்க்கவும் வேண்டும்.

அப்புறம், குழிக்கும் பச்சை ஒயருக்கும் ஆகும் செலவைத் தனியாக எழுதி எங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். டைல்ஸுக்கு யோசிக்காமல் பணம் அனுப்பும் நாங்கள் இதற்கும் அனுப்புவோம்.