சொல்வதற்கு ஒரு படிப்பா? - என் பேராசிரியருக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

பரிந்துரைக் கடிதம் கேட்டு உங்கள் அறைக்கு வந்த அன்று நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. "சொல்வதற்கு ஒரு படிப்பா அம்மா? விஷயம் தெரிந்தவனுக்குச் சொல்லத் தெரியாதா?" என்றீர்கள். மூன்று ஆண்டுகள் உங்கள் ஆய்வுக்கூடத்தில் இருந்தவள், முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யாமல் அறிவியலை மக்களிடம் எடுத்துச் சொல்வதைக் கற்பிக்கும் அறிவியல் தொடர்பியலில் முதுநிலைப் படிப்புக்குப் போகிறேன் என்றதும் உங்கள் முகம் வாடியதைக் கவனித்தேன். ஆனாலும் கடிதத்தை எழுதிக் கொடுத்தீர்கள். அந்தக் கடிதத்துக்கு நன்றி சொன்னேன். கேள்விக்குப் பதில்தான் கடனாக நின்றுவிட்டது. வகுப்புகள் முடிந்து ஆய்வேடு மட்டும் பாக்கியிருக்கும் இந்த நேரத்தில் அதைத் தீர்க்கப் பார்க்கிறேன். எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம் உண்டு. என்னோடு படிக்கும் ஒவ்வொருவரிடமும் யாரோ ஒரு பேராசிரியரோ, அப்பாவோ, நண்பரோ இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள்.

உங்கள் கேள்வியில் பாதி அன்று என் மனத்திலும் இருந்தது. தெளிவாக எழுதவும், ஒலிப்பதிவு செய்யவும், மேடையில் பேசவும் சொல்லித் தருவார்கள் என்று நம்பித்தான் சேர்ந்தேன். அவற்றையும் சொல்லித் தந்தார்கள். ஆனால் முதல் வாரத்தில் எங்களுக்கு வாசிக்கக் கொடுத்தது செம்மறி ஆடுகளைப் பற்றிய ஓர் ஆய்வு. அதை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் அணு உலை வெடித்தது. சில நாட்களில் கதிரியக்கச் சீசியம் மேகங்களோடு வந்து, வடமேற்கு இங்கிலாந்தின் கம்பிரியா மலைப்பகுதியில் மழையாக இறங்கியது. ஜூன் மாதம் அங்கே ஆடுகளை விற்கவும் அறுக்கவும் அரசு தடை விதித்தது. மூன்று வாரங்களில் எல்லாம் சரியாகிவிடும் என்று அறிவியலாளர்கள் சொன்னார்கள். அவர்கள் கணக்குக்கு அடிப்படை களிமண்ணில் சீசியம் நடந்துகொள்ளும் விதம். களிமண் துகள்கள் சீசியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். புல்லுக்குள் அது ஏறாது. கம்பிரியாவின் மலைமண்ணோ மட்கிய தாவரப் பொருள் நிறைந்த அமில மண். அதில் சீசியம் கட்டுப்படாமல் நீரோடு நின்றது, மறுபடி மறுபடி புல்லுக்கு ஏறியது, புல்லிலிருந்து ஆட்டுக்கு ஏறியது. மூன்று வாரம் என்று சொன்ன தடையின் கடைசிப் பகுதி விலக்கப்பட்டது 2012-ல்.

மண்ணைத் தவறாகக் கணித்தது ஒரு பிழை. அறிவியலில் அப்படி நடக்கும், திருத்திக்கொள்வோம்; நீங்கள் எங்களுக்கு அதைத்தான் கற்பித்தீர்கள். என்னை உறுத்தியது அடுத்து நடந்தது. பிரையன் வின் என்ற சமூகவியலாளர் அந்த மேய்ப்பர்களோடு உட்கார்ந்து பேசி எழுதியிருக்கிறார். சீசியத்தைப் பிடித்துவைக்க பென்டோனைட் என்ற களிமண் வகையைத் தரையில் தூவிச் சோதித்தார்கள். வெவ்வேறு அளவில் தூவிய நிலங்களை வேலியிட்டு, அவற்றுக்குள் ஆடுகளை அடைத்து ஒப்பிட்டார்கள். திறந்த மலையில் அலைந்து மேயும் ஆடு அடைத்துப் போட்டால் நலிந்துபோகும், இந்தச் சோதனையில் உண்மை தெரியாது என்று மேய்ப்பர்கள் சொன்னார்கள். யாரும் காதில் வாங்கவில்லை. பிறகு அந்தச் சோதனை அவர்கள் சொன்ன அதே காரணத்தால் கைவிடப்பட்டது. அருகிலேயே செல்லாஃபீல்டு அணு வளாகம் இருந்தது. 1957-ல் அங்கே உலை தீப்பிடித்ததையும் அதைச் சுற்றி நடந்த மூடி மறைப்பையும் அந்த மக்கள் மறக்கவில்லை. எனவே "இது செர்னோபிலிலிருந்து வந்தது" என்று சொன்னவர்களையும் அவர்களால் முழுதாக நம்ப முடியவில்லை.

இந்த இடத்தில் உங்கள் கேள்வியை வைத்துப் பார்த்தேன், ஐயா. விஷயம் தெரிந்தவர்கள் அங்கே இருந்தார்கள். சொன்னார்கள், தெளிவாகவே சொன்னார்கள். எதிரில் நிற்பவருக்கும் ஏதோ தெரியும் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியவில்லை. எழுத்து நடையைத் திருத்தி இந்தக் குறையைச் சரிசெய்ய முடியாது.

மக்களிடம் அறிவு குறைவாக இருக்கிறது, ஊற்றி நிரப்பினால் சரியாகிவிடும் என்ற நினைப்புக்கு எங்கள் துறையில் "பற்றாக்குறை மாதிரி" என்று பெயர். பிரிட்டனின் அறிவியலாளர் சங்கமான லண்டன் ராயல் சொசைட்டி 1985-ல் வெளியிட்ட அறிக்கை, மக்களுக்கு அறிவியல் புரிய வேண்டும், அதற்காகப் பேசுவது அறிவியலாளர்களின் கடமை என்று வலியுறுத்தியது. அந்த அலையில்தான் பல பல்கலைக்கழகங்களில் இந்தப் படிப்பு முளைத்தது. லண்டனின் இம்பீரியல் கல்லூரியில் 1991-ல் தொடங்கியது. 2000-ல் அதே நாட்டு நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் அவையின் குழு ஒன்று, மக்களோடு உரையாட வேண்டும் என்று பேச்சை மாற்றியது. அந்த மாற்றம் தேவைதான் என்று பின்னால் வந்த ஆய்வுகளும் காட்டின. அமெரிக்கர்களிடையே நடத்தி 2012-ல் வெளியான ஓர் ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். அறிவியல் அறிவும் கணக்குத் திறனும் கூடக் கூட, பருவநிலை மாற்றத்தைப் பற்றி மக்கள் கருத்தில் நெருங்கி வருவார்கள் என்றுதானே எதிர்பார்ப்போம்? அதிகம் தெரிந்தவர்களிடையேதான் பிளவு அதிகமாக இருந்தது. தெரிந்ததை அவரவர் தம் சார்புக்குக் கருவியாக்கிக்கொண்டார்கள். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இனி நீங்கள் விரும்பும் எண்களுக்கு வருகிறேன். 1995 அக்டோபரில் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு ஓர் எச்சரிக்கை விடுத்தது: புதிய வகைக் கருத்தடை மாத்திரைகள் சில, இரத்தம் உறையும் ஆபத்தை இரண்டு மடங்காக்குகின்றன. அந்த "இரண்டு மடங்கு" முழு உண்மை. பழைய மாத்திரை எடுத்தவர்களில் ஏழாயிரம் பேரில் ஒருவருக்கு வந்தது, புதியதில் ஏழாயிரம் பேரில் இருவருக்கு வந்தது. வகுப்பில் இந்த இரண்டு வாக்கியங்களையும் பலகையில் அருகருகே எழுதிப் போட்டார்கள். ஒரே தரவு, ஒன்றைக் கேட்டவர் பயந்து மாத்திரையை நிறுத்துவார், மற்றதைக் கேட்டவர் அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது கேட்டுக்கொள்ளலாம் என்றிருப்பார். ஏராளமான பெண்கள் மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்தன என்று மதிப்பிடப்படுகிறது. கர்ப்பமே இரத்த உறைவின் ஆபத்தை அந்த மாத்திரையைவிட அதிகமாக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பெண்களுக்கு அதை யாரும் சேர்த்துச் சொல்லவில்லை.

அந்த எச்சரிக்கையை எழுதியவர்கள் முட்டாள்கள் இல்லை, பொய்யர்களும் இல்லை. தாங்கள் எழுதும் வாக்கியம் ஒரு வீட்டுக்குள் போய் என்ன ஆகும் என்று யோசிப்பது தங்கள் வேலை என்று அவர்களுக்கு யாரும் கற்றுத்தரவில்லை, அவ்வளவுதான். நானும் உங்கள் ஆய்வுக்கூடத்தில் மூன்று ஆண்டுகள் அதைக் கற்கவில்லை. குறை சொல்வதாக எண்ணாதீர்கள். வேறு எந்த ஆய்வுக்கூடத்திலும் கற்றிருக்க மாட்டேன்.

"பத்திரிகைக்காரர்கள் கெடுத்துவிடுகிறார்கள்" என்று தேநீர் இடைவேளையில் நீங்கள் சொல்வது இன்னும் காதில் இருக்கிறது. நானும் அப்படியே நம்பியிருந்தேன். 2014-ல் ஒரு மருத்துவ இதழில் வந்த ஆய்வு அதை அசைத்தது. பிரிட்டனின் 20 முன்னணிப் பல்கலைக்கழகங்கள் உடல்நல ஆய்வுகளைப் பற்றி 2011-ல் வெளியிட்ட 462 செய்திக்குறிப்புகளை மூல ஆய்வுக்கட்டுரைகளோடு வரிக்கு வரி ஒப்பிட்டார்கள். விலங்கு ஆய்வுகளைப் பற்றிய குறிப்புகளில், கண்டதை மனிதருக்கு நீட்டிச் சொன்னவை 36 சதவீதம். தொடர்பு மட்டுமே காட்டிய ஆய்வுகளைப் பற்றிய குறிப்புகளில், அதைக் காரணமாகத் திரித்தவை 33 சதவீதம். குறிப்பு மிகைப்படுத்தாத இடங்களில் செய்தித்தாள்களும் பெரும்பாலும் மிகைப்படுத்தவில்லை. அதாவது, தவறு நம் வீட்டிலேயே தொடங்குகிறது. அந்தக் குறிப்புகளை வெளியாகும் முன் பார்த்து ஒப்புதல் தருபவர்கள் பொதுவாக ஆய்வாளர்களே. நம் கட்டுரை ஒன்றுக்கும் குறிப்பு எழுதினார்களே, நினைவிருக்கிறதா? "செல்களில்" என்ற சொல் தலைப்பிலிருந்து விழுந்துவிட்டதை நான் அன்று பார்த்தேன். பெரிதாக எண்ணாமல் சரி என்று அனுப்பிவிட்டேன். இன்று அனுப்ப மாட்டேன்.

இத்தாலியின் லாக்விலா நகரத்தைப் பற்றியும் எழுத நினைத்திருந்தேன்; அது தனியாக ஒரு கடிதம் கேட்கும். சுருக்கமாக மட்டும்: 2009-ல் மாதக்கணக்கில் சிறு அதிர்வுகள் வந்து மக்கள் கலங்கியிருந்தபோது நிபுணர் குழு கூடியது. நிலநடுக்கத்தை முன்கூட்டிச் சொல்ல முடியாது என்று நிபுணர்களுக்குத் தெரியும். ஆனால் தொலைக்காட்சியில் பேசியவர் ஓர் அதிகாரி. மக்கள் வீட்டுக்கு எடுத்துச் சென்றது "ஆபத்தில்லை" என்ற ஒரே சொல். ஒரு வாரத்துக்குள், ஏப்ரல் 6 அதிகாலையில் வந்த பெரிய நிலநடுக்கத்தில், 309 பேர் இறந்தார்கள். நீதிமன்றம் முதலில் அந்தக் கூட்டத்தில் இருந்த ஏழு பேரைத் தண்டித்தது, 2014-ல் அவர்களில் ஆறு நிபுணர்களை விடுவித்தது. சட்டம் என்ன சொன்னது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். நமக்குத் தெரிந்ததை நமக்குப் பதிலாக வேறொருவர் சொல்ல விட்டுவிட்டு நாம் வாயை மூடிக்கொள்ளலாமா என்பதுதான் எங்கள் வகுப்பு மூன்று வாரம் விவாதித்த கேள்வி. இரண்டு பேருக்கு இடையே கருத்து முற்றி, ஒருவர் அழுதுவிட்டார்.

இந்தப் படிப்பில் எல்லாமே நிறைவாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். சில கோட்பாட்டுக் கட்டுரைகளை நான்கு முறை படித்தும் எனக்குப் பிடிபடவில்லை. செய்முறைக்கு இன்னும் நேரம் கொடுத்திருக்கலாம். முடித்தபின் வேலை எங்கே என்பதும் பொறியியல் பட்டம்போல நேர்க்கோடாகத் தெரியவில்லை: அருங்காட்சியகம், இதழ், மருத்துவமனை, ஆய்வு நிறுவனத்தின் செய்திப் பிரிவு என்று ஆளுக்கொரு திசையில் தேடுகிறோம். எங்கள் துறையின் சொந்த முடிவுகளும் உறுதியானவை என்று சொல்ல முடியாது. ஒருவரின் தவறான நம்பிக்கையைத் திருத்தினால் அது இன்னும் இறுகிவிடும் என்று 2010-ல் ஓர் ஆய்வு சொன்னது. பலரும் அதை வேதமாக எடுத்துக்கொண்டார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்து 2019-ல் வெளியான ஆய்வில் அப்படி எதுவும் பெரிதாகத் தென்படவில்லை. முதல் பருவத்தில் அந்தப் பழைய முடிவை வைத்து நான் ஒரு கட்டுரையே எழுதியிருந்தேன். அதை மீண்டும் எடுத்து, எங்கெல்லாம் தவறு என்று ஓரத்தில் எழுதிவைத்தேன். நீங்கள் உங்கள் பழைய கட்டுரை ஒன்றை எங்கள் கையில் கொடுத்து அப்படித்தான் செய்யச் சொன்னீர்கள்.

என் ஆய்வேடு ஒரே ஒரு சொல்லைப் பற்றியது: "அரிது." மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் பக்கவிளைவுகளை "பொதுவானது", "அரிது" என்று பிரித்திருப்பார்கள். ஐரோப்பிய விதிகளின்படி, அரிது என்றால் ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு, பத்தாயிரத்தில் ஒருவருக்கும் அதிகம். இந்தச் சொல்லைப் படிப்பவர்கள் மனத்தில் என்ன எண் ஓடுகிறது என்று கேட்கிறேன். பெரும்பாலோருக்கு எண்ணே ஓடுவதில்லை என்று பேசப் பேசத்தான் புரிந்தது. இதய நோய்க்கு மருந்து எடுக்கும் ஒரு பாட்டி, தாளைக் கண்ணாடிக்கு அருகில் பிடித்து வாசித்துவிட்டு என்னிடம் கேட்டார்: "அரிது என்று போட்டிருக்கிறார்கள் என்றால், யாருக்கோ நடந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? அந்த யாரோ யார் என்று போடவில்லையே?"

நான் விகிதத்தை விளக்கத் தொடங்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, தன் தங்கைக்கு அந்த "அரிது" நடந்ததாகச் சொன்னார். என் வினாநிரலில் அதற்கு இடமே இல்லை. அன்று பிற்பகல் முழுவதும் அவர் பேசினார், நான் எழுதிக்கொண்டேன். வினாநிரலை மறுநாள் மாற்றினேன்: "உங்களுக்குத் தெரிந்த யாருக்காவது பக்கவிளைவு வந்திருக்கிறதா?" என்பதே இப்போது முதல் கேள்வி. அதற்குப் பிறகு வந்த பேட்டிகள் வேறு மாதிரி இருக்கின்றன.

மறுபக்கத்தையும் கேட்க வேண்டியிருக்கிறது. "அரிது" என்று எழுதுபவர்கள், ஆய்வில் வரும் விகிதங்களைச் சொற்களாக மாற்றுபவர்கள், எழுதும் நேரத்தில் யாரை நினைத்துக்கொள்கிறார்கள் என்று தெரிய வேண்டும். நீங்கள் இரண்டு மருந்துப் பரிசோதனைகளில் ஆலோசகராக இருந்திருக்கிறீர்கள். உங்களிடம் பேட்டி எடுக்க அனுமதி கேட்கிறேன், ஐயா. ஒரு மணி நேரம் போதும்; அடுத்த மாதம் எந்த நாள் சொன்னாலும் வருகிறேன். ஒலிப்பதிவு செய்வேன், பெயரை வெளியிட மாட்டேன். ஒப்புதல் படிவத்தைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். கையெழுத்திடும் முன் முழுவதும் வாசித்துப் பாருங்கள். புரியாத வரி இருந்தால் அடிக்கோடிட்டு வையுங்கள், வந்து திருத்திக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மாணவி