மீன் மேல் மூன்று கீறல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். முதுநகரில் இரண்டு நாளாக மழை, அப்பாவுக்கு வழக்கமான இருமல்.

"ஹிரகானா 46 எழுத்தையும் ராத்திரி படிச்சா காலையில பாதி மறந்துடுதும்மா, இன்னும் கதகானா வேற 46 இருக்கு" என்று, ஜப்பானிய மொழியின் அந்த இரண்டு வகை எழுத்துகளைப் பற்றிப் போன வாரம் அழாத குறையாகச் சொன்னாயே. அன்றைக்கே நீ விட்டுப்போன எழுத்து அட்டையை எடுத்து அடுப்படியில் ஒட்டிவிட்டேன்.

முதலில் கண்ணில் பட்டது வரிசை. அ, இ, உ, எ, ஒ. அப்புறம் க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. பெரும்பாலும் நம் வரிசைதானே! புத்த பிக்குகள் படித்த வடமொழி எழுத்துமுறை வழியாக அங்கே போனது. அதனால் வரிசைக்காக நீ மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

உன் புத்தகத்தில் ஒவ்வொரு எழுத்துக்கும் படம் போட்டு, அதை ஓர் இங்கிலீஷ் வார்த்தையோடு முடிந்து வைத்திருக்கிறார்கள். அங்கேதான் கோளாறு. அந்த வார்த்தையை யோசித்து, அதிலிருந்து ஓசையைப் பிடிப்பதற்குள் எழுத்து நழுவிவிடுகிறது. நம் வீட்டுச் சாமானை வைத்துப் பார். 'கு' குருவி அலகைத் திறந்த மாதிரி இருக்கிறது. 'இ' இரண்டே கோடு, இரண்டுக்கு இ. 'ஷி' தூண்டில் முள், அதில் ஒரு சீலா மீனை மாட்டிவிடு. 'நு'வும் 'மெ'யும் குழப்புகிறது என்றாயே, வால் நுனியில் சுழி இருந்தால் அது நூல் முடிச்சு, 'நு'. சுழி இல்லாவிட்டால் 'மெ'.

நேற்று சங்கரா வாங்கினேன். மசாலா இறங்கட்டும் என்று கத்தியால் சாய்வாக மூன்று கீறல் போட்டு நிமிர்ந்தால், பலகையில் கதகானா 'மி' கிடக்கிறது! மூன்று சாய்ந்த கோடு, அவ்வளவுதான் அந்த எழுத்து. மீனுக்கு மி. இனி ஜென்மத்துக்கும் மறக்காது.

அடுத்து கான்ஜி, அதாவது பொருளைக் குறிக்கும் சீனத்து எழுத்துகள், அன்றாடத் தேவைக்கே 2,136 இருக்கிறது என்று பயப்படுகிறாய். (அப்பா அதைக் கஞ்சி என்றே சொல்கிறார்.) அதில் பல எழுத்துக்குள் கதை தயாராக உட்கார்ந்திருக்கிறது. மரத்தடியில் ஆள் இருந்தால் ஓய்வு. மூன்று மரம் சேர்ந்தால் காடு. கூரைக்குக் கீழே பெண் இருந்தால் நிம்மதியாம், அதே எழுத்துக்கு மலிவு என்றும் பொருளாம். உருவாக்கியவன் ஆம்பளையாகத்தான் இருப்பான்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். கதை எழுத்தை அடையாளம் காட்டும், கைக்கு வராது. அங்கன்வாடியில் எத்தனை பிள்ளைகளுக்கு அரிசியில் விரல் பிடித்து எழுத வைத்திருப்பேன்! கோடு போடும் வரிசை மாறாமல் எழுதிப் பழகு. இன்று படித்ததை நாளைக்கு, அப்புறம் மூன்றாம் நாள், பிறகு ஒரு வாரம் கழித்து, பார்க்காமல் சொல்லிப் பார்.

'ஹெ' மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. சின்ன மணல்மேடு மாதிரிதான் இருக்கிறது, ஆனால் ஹ-வில் நமக்கு ஏது வீட்டு வார்த்தை? ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது நீ ஏதாவது கண்டுபிடித்துச் சொல்லு.

அம்மா